11 டிபி கல்யாணப் படங்கள், ஐந்து ஹார்ட் டிஸ்க்: கிளவுடில் எதில் போடுவது?

சாரல்ஸ்டூடியோ (தென்காசி):

எல்லாருக்கும் வணக்கம். தென்காசியில் 17 வருடமாக ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். கல்யாணம், சடங்கு, வளைகாப்பு, கோயில் கொடை, எது வந்தாலும் எடுப்போம். நானும் இரண்டு பையன்களும்தான். கம்ப்யூட்டர் விஷயத்தில் நான் பாதிக் கிணறு தாண்டியவன். போட்டோஷாப் தெரியும்; சர்வர், கிளவுட் என்று பேச ஆரம்பித்தால் மிரண்டுவிடுவேன். பதில் சொல்பவர்கள் கொஞ்சம் பொறுமையாகச் சொல்லவும்.

வைகாசி முகூர்த்தம் எல்லாம் முடிந்து மூச்சு விடுகிற நேரத்தில் கடையநல்லூரில் இருந்து ஒரு போன். இரண்டு வருடத்துக்கு முன்னால் நாங்கள் எடுத்த கல்யாணம், பெண்ணின் அப்பா பேசினார். மாப்பிள்ளைக்கு வெளிநாட்டில் வேலை. பெண்ணுக்கு விசா போடக் கல்யாணப் படம் இருபது வேண்டுமாம். தாலி கட்டுவது, இரண்டு பக்கத்துச் சொந்தக்காரர்களும் சேர்ந்து நிற்பது என்று. ஆல்பம் மாப்பிள்ளை வீட்டில், கோயம்புத்தூரில். நாங்கள் கொடுத்த பென்டிரைவ் எங்கே போனதென்று தெரியவில்லை. "நீங்கதானே அண்ணாச்சி எடுத்தீங்க, உங்ககிட்ட இல்லாம எங்க போகும்?" என்றார். நானும் ஜம்பமாக, "நாளைக்குக் காலையில வாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அலமாரியில் இருந்து டிஸ்க்கை எடுத்து மாட்டினேன். 4 டிபி டிஸ்க், அதாவது 4,000 ஜிபி. சுவரில் பல்லி சொல்கிற மாதிரி டிக், டிக், டிக் என்று மூன்று தடவை. அப்புறம் சத்தமே இல்லை. கேபிளை மாற்றினேன், கம்ப்யூட்டரை மாற்றினேன், பையன் ஒருத்தன் தலைகீழாக வைத்துப் பார்க்கலாம் என்றான், அதையும் செய்தேன். பல்லிதான் சொன்னது. அந்த ஒரு டிஸ்க்கில் 38 கல்யாணம் இருக்கிறது. மதுரையில் ஒரு ரெக்கவரி கடையில் கொடுத்திருக்கிறேன். கிடைத்தால் 24,000 ரூபாய், கிடைக்காமலும் போகலாம் என்று எழுதி வாங்கிக்கொண்டார்கள்.

கடையநல்லூர்க்காரரிடம் மானம் போகாமல் தப்பித்தது எப்படி என்றால், ஆல்பத்துக்குப் படம் தேர்வு செய்ய அப்போது அவர்களுக்கு ஒரு கூகுள் டிரைவ் லிங்க் அனுப்பியிருந்தோம். சின்ன சைஸ் ஜேபெக், 2,400 படம், எல்லாம் சேர்த்து ஒன்றேகால் ஜிபி. அந்த ஃபோல்டரை அழிக்க மறந்திருக்கிறேன். அதற்கு முந்தின வாரம்தான் ஜிமெயிலில் இடம் நிரம்பிவிட்டது என்று சிவப்பில் எச்சரிக்கை வந்து, பழையதை எல்லாம் அழிக்க உட்கார்ந்து, கரண்ட் போனதால் எழுந்துபோனேன். மின்வாரியத்தை வாழ்த்திய நாள் என் வாழ்க்கையில் அது ஒன்றுதான்.

இப்போது கேள்விக்கு வருகிறேன். என்னிடம் ஐந்து டிஸ்க்கில் மொத்தம் 11 டிபி இருக்கிறது, எல்லாம் ஒற்றைக் காப்பி. வருடத்துக்குச் சுமார் 45 கல்யாணம். ஃபைபர் லைன் 100 எம்பிபிஎஸ் என்று பெயர், அப்லோடு 40 வருகிறது. வருடத்துக்குப் பத்து, பன்னிரண்டாயிரம் வரை செலவு செய்யலாம். எல்லாவற்றையும் தூக்கிக் கிளவுடில் போட்டுவிட்டால் நிம்மதியாக இருக்கலாமா? எதில் போடுவது? கல்யாண வீட்டுப் பெண்பிள்ளைகள் படம் கண்டவர் கண்ணில் படாமல் இருக்குமா?

குட்டிலென்ஸ்:

டெலிகிராமில் உங்களுக்கு நீங்களே அனுப்பிக்கொள்ளுங்கள் அண்ணா. ஒரு ஃபைல் 2 ஜிபி வரை போகும், எத்தனை வேண்டுமானாலும் போடலாம், பைசா செலவில்லை. நான் மூன்று வருடமாக அப்படித்தான்.

நைட்ஷிப்ட்நாகு:

குட்டிலென்ஸ் தம்பி, மூன்று வருடம் முன்னால் போட்ட ஒரு படத்தை இப்போது தேடி எடுத்துக் காட்டுங்கள், அப்புறம் பேசலாம். 2,400 படத்தை அரட்டைப் பெட்டிக்குள் கொட்டினால் அது பரண்தான், பேக்கப் இல்லை. அந்த போன் நம்பர் கைவிட்டுப் போனால் பரணும் போச்சு.

சாரல் அண்ணாச்சி, நான் 12 வருடம் சர்வர் ரூமில் ராத்திரி வேலை பார்த்தவன். முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ளுங்கள். நீங்கள் கேட்பது ஒரு கேள்வி மாதிரி இருக்கிறது, ஆனால் மூன்று. வாடிக்கையாளருக்குப் படம் காட்டுவது ஒன்று. நாளைக்கே டிஸ்க் போனால் வேலை நிற்காமல் இருப்பது இன்னொன்று. பத்து வருடம் கழித்து ஒருவர் வந்து கேட்டால் எடுத்துக் கொடுப்பது மூன்றாவது. மூன்றுக்கும் ஒரே கடையில் சாமான் வாங்க நினைப்பதால்தான் எல்லாருக்கும் பட்ஜெட் உதைக்கிறது.

அடுத்தது இதைவிட முக்கியம். டிரைவ், டிராப்பாக்ஸ், ஒன்டிரைவ் இவை எல்லாம் அடிப்படையில் ஒத்திசைவு செய்பவை, அதாவது சிங்க். கம்ப்யூட்டரில் என்ன செய்கிறீர்களோ அதையே மேலேயும் செய்யும். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். நான் வேலைக்குப் போன ஓர் ஆடிட்டர் ஆபீஸில் நடந்தது: 12 பேருக்கும் பொதுவாக ஒரு ஃபோல்டர். புதிதாக வந்த பையன், லேப்டாப்பில் இடம் இல்லை என்று ஒரு வருடத்து வவுச்சர் ஸ்கேன் முழுவதையும் அழித்துவிட்டான். தன் லேப்டாப்பில் மட்டும்தான் போகும் என்று நினைத்தான். பன்னிரண்டு கம்ப்யூட்டரிலும் போய்விட்டது. அதைக் கவனித்ததோ 40 நாள் கழித்து, வருமானவரி நோட்டீஸ் வந்தபோது. குப்பைத்தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். கூகுள் டிரைவிலும் இதே 30 நாள் கணக்குதான். ஆக, சிங்க் ஆகிற ஃபோல்டரை மட்டும் நம்பிப் படுக்காதீர்கள்.

இப்போது கணக்கு. 40 எம்பிபிஎஸ் என்றால் நொடிக்கு 5 எம்பி. ஒரு கல்யாணம் 100 ஜிபி என்று வைத்தால் ஐந்தரை மணி நேரம். ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கினால் விடிவதற்குள் முடிந்துவிடும். 11 டிபி என்றால் ஒரு நிமிடம் நிற்காமல் ஓடினாலும் 25 நாளுக்கு மேல். அதற்குள் உங்கள் பிளானில் மாத அளவு என்ன என்று பாருங்கள். "அன்லிமிடெட்" என்று விற்கிற பல ஃபைபர் பிளான்களில் 3.3 டிபி தாண்டினால் வேகம் தவழ ஆரம்பிக்கும். அப்லோடும் அதில் சேர்த்தி. கூகுள் டிரைவிலும் ஒரு நாளைக்கு 750 ஜிபிக்கு மேல் ஏற்ற முடியாது, ஆனால் உங்கள் லைனில் அந்தக் கவலை வராது.

விலை. கூகுளில் இலவசம் 15 ஜிபி, அதையும் ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூன்றும் பங்கு போட்டுக்கொள்ளும். போட்டோஸ் அளவில்லாமல் சும்மா கொடுத்ததெல்லாம் 2021 ஜூன் 1ஆம் தேதியோடு முடிந்தது. 2 டிபிக்கு நான் கடைசியாகக் கட்டியது வருடத்துக்கு 6,500. கட்டுவதற்கு முன் இன்றைய விலையை ஒரு தடவை பார்த்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் 365 குடும்பப் பிளானில் ஆறு பேருக்குத் தலா 1 டிபி கிடைக்கும். கேட்க 6 டிபி மாதிரி இருக்கும், ஆனால் ஆறு தனித்தனி பீரோ. ஒரே பீரோவாக அடுக்க முடியாது. டிராப்பாக்ஸ் ஃபைல் ஒத்திசைவில் கில்லாடி. பெரிய ஃபைலில் மாறின பகுதியை மட்டும் ஏற்றும். போட்டோஷாப்பின் பிஎஸ்டி ஃபைலில் தினமும் வேலை பார்ப்பவர்களுக்கு அது பெரிய வசதி. ஆனால் இலவசம் 2 ஜிபிதான்.

பேக்பிளேஸ் என்று ஒரு பேக்கப் சேவை உண்டு. ஒரு கம்ப்யூட்டரும் அதில் மாட்டின வெளி டிஸ்க்குகளும், அளவு இல்லை, வருடத்துக்கு 99 டாலர். 11 டிபிக்கு அடித்துக்கொள்ள முடியாத விலை. ஆனால் டிஸ்க்கை அலமாரியில் பூட்டி வைத்துவிட்டால் அது கழன்றுபோனதாக எண்ணி, கெடு முடிந்ததும் மேலே இருப்பதையும் எடுத்துவிடும். அவ்வப்போது மாட்டி முகம் காட்ட வேண்டும். உங்கள் ஐந்து டிஸ்க்குக்கு அது ஒரு வேலை.

கடைசியாக அமேசானின் கிளேசியர் டீப் ஆர்க்கைவ், அடிக்கடி எடுக்காததை நெடுநாள் போட்டு வைக்கிற கிடங்கு. அமெரிக்காவில் உள்ள சர்வரில் வைத்தால் ஒரு டிபிக்கு மாதம் ஏறக்குறைய 1 டாலர். உள்ளே வைப்பது மலிவு, வெளியே எடுப்பதற்குத்தான் காசு. கேட்டவுடன் கிடைக்காது, 12 மணி நேரம் வரை ஆகும். மலிவான முறையில் கேட்டால் 48 மணி நேரம். இணையம் வழியே இறக்க மாதம் 100 ஜிபி வரை இலவசம், அதற்கு மேல் ஜிபிக்கு 9 சென்ட். ஆறு மாதத்துக்குள் அழித்தாலும் ஆறு மாதக் காசு உண்டு. ஒரு கல்யாணத்தை ஒரே மூட்டையாகக் கட்டிப் போட வேண்டும், 2,400 உதிரியாகப் போடக் கூடாது.

3-2-1 என்று ஒரு கணக்குச் சொல்வார்கள்: மூன்று காப்பி, இரண்டு விதமான இடம், ஒன்று வேறு ஊரில். அதைப் பிரபலப்படுத்தினவரே பீட்டர் க்ரோக் என்கிற போட்டோகிராபர்தான். உங்கள் தொழில்காரர் அண்ணாச்சி, அதற்காகவாவது கேளுங்கள்.

சாரல்ஸ்டூடியோ:

நாகு தம்பி, ரொம்ப நன்றி. இரண்டு தடவை வாசித்தேன். "ஆறு தனித்தனி பீரோ" என்றதும்தான் எனக்கு விளங்கியது.

அமேசான் எனக்கு ஒத்துவராது. டாலர் கணக்கு, கார்டு, மாதாமாதம் பில் எவ்வளவு வரும் என்று தெரியாமல் இருப்பது. ஸ்டூடியோ கரண்ட் பில்லுக்கே எனக்கு ரத்தக்கொதிப்பு வருகிறது. பேக்பிளேஸ் ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐந்து டிஸ்க்கையும் முறை வைத்து மாட்டி முகம் காட்டுவது என்றால் ஒரு மாதம் செய்வேன், ஐப்பசி முகூர்த்தம் வந்ததும் மறந்துவிடுவேன். என்னை எனக்குத் தெரியும்.

ஒரு சந்தேகம். எங்கள் பையன் ஜியோ நம்பரில் கூகுளின் ஜெமினி ப்ரோ 18 மாதம் இலவசமாக வந்திருக்கிறது, கூடவே 2 டிபியும் தந்திருக்கிறார்கள். அதிலேயே ஏற்றிவிடலாம், காசு எதற்கு என்கிறான். செய்யலாமா?

நைட்ஷிப்ட்நாகு:

இனாமாக வந்த மாட்டுக்குப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பார்கள். இங்கே பார்க்கத்தான் வேண்டும். முதல் விஷயம், அது பையனின் கணக்கு. நாளைக்கு அவன் தனியாகக் கடை போட்டால் உங்கள் 38 கல்யாணமும் அவனோடு போகும். சண்டை வர வேண்டியதில்லை, நம்பர் மாற்றினாலே போதும். இரண்டாவது, 18 மாதம் முடிந்ததும் இடம் 15 ஜிபிக்குச் சுருங்கும். போட்டது உடனே அழியாது. ஆனால் புதிதாக ஒன்றும் ஏற்ற முடியாது, ஜிமெயிலில் கடிதம்கூட வராது. அப்படியே இரண்டு வருடம் வரம்பு மீறிக் கிடந்தால் அழிக்கவும் செய்யலாம் என்பது அவர்கள் விதி. படம் காட்டுகிற வேலைக்கு வேண்டுமானால் அந்த 2 டிபியை வைத்துக்கொள்ளுங்கள்.

ஸ்டூடியோ பெயரில் தனியாக ஒரு கூகுள் கணக்குத் தொடங்குங்கள். இரண்டடுக்குச் சரிபார்ப்புப் போடுங்கள் (பாஸ்வேர்டோடு போனிலும் ஒப்புதல் கேட்கும்), மீட்பு நம்பராக உங்கள் நம்பரையும் வீட்டில் அக்கா நம்பரையும் கொடுங்கள். போன் கையில் இல்லாதபோது உள்ளே நுழையப் பத்து மாற்று எண் தரும், அதைத் தாளில் எழுதிப் பீரோவில் வையுங்கள். போனில் படம் எடுத்து அதே கிளவுடில் போட்டுவிடாதீர்கள். சிரிக்காதீர்கள், செய்பவர்கள் இருக்கிறார்கள்.

வைகைடிசைன் (மதுரை):

சாரல் சார், நான் வீட்டில் இருந்தே ஆல்பம் டிசைன் செய்கிறேன். எட்டு ஸ்டூடியோவுக்கு வேலை பார்ப்பதால் எல்லாருடைய குப்பையும் எனக்கு வரும். நாகு சார் சொன்னது எல்லாம் சரி, ஆனால் 11 டிபி என்று ஆரம்பித்ததே தப்பு என்பது என் கட்சி.

அந்த 11 டிபிக்குள் என்ன இருக்கிறது என்று நான் சொல்லட்டுமா? மணமேடையில் வரிசையாக நின்று பரிசு கொடுப்பவர்கள், ஒவ்வொரு குடும்பமும் நான்கு ஷாட். கண் மூடினது, பின்னால் யாரோ கொட்டாவி விட்டது, ஃப்ளாஷ் அடிக்காதது. எல்லாம் ரா ஃபைல், அதாவது கேமரா சுருக்காமல் அப்படியே பதிகிற கோப்பு, ஒவ்வொன்றும் 25 எம்பிக்குக் குறையாது. கூடவே 4கே வீடியோ. 100 எம்பிபிஎஸ் தரத்தில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. பந்தியில் சாம்பார் ஊற்றுவதை 4கேயில் முப்பது நிமிடம் எடுத்த ஒரு ஸ்டூடியோவை எனக்குத் தெரியும். அதற்கெல்லாம் பத்து வருடம் வாடகை கட்டுவீர்களா?

நான் என் ஸ்டூடியோக்காரர்களுக்குச் சொல்வது: எடிட் முடித்த முழு சைஸ் ஜேபெக் ஒரு 800 படம், 8 ஜிபி. ஆல்பம் ஷீட் 1 ஜிபி. முடித்துக் கொடுத்த முழு எச்டி வீடியோ 13, 14 ஜிபி. எல்லாம் சேர்த்து ஒரு கல்யாணம் 25 ஜிபிக்குள் அடங்கும். வருடத்துக்கு 45 கல்யாணம் என்றால் 1 டிபியும் கொஞ்சமும். அதுதான் கிளவுடுக்குப் போக வேண்டியது. ரா எல்லாம் இரண்டு டிஸ்க்கில், ஒரு வருடம். அதற்கப்புறம் அழிப்போம் என்று அட்வான்ஸ் ரசீதிலேயே ஒரு வரி அச்சடித்துவிடுங்கள். என் ஸ்டூடியோக்காரர் ஒருவர் அச்சடித்தார். ஒரு வீட்டுக்காரர்கூட வாசித்ததாகத் தெரியவில்லை, ஆனால் சண்டை வந்தால் காட்டலாம் இல்லையா.

அப்புறம் படம் காட்டுகிற விஷயம். இதில்தான் எல்லாரும் சொதப்புவார்கள். டிரைவ் லிங்க் அனுப்புகிறீர்கள், பெண்ணின் சித்தப்பா போனில் "எல்லாம் டவுன்லோடு" தட்டுகிறார். பெரிய ஃபோல்டர் என்றால் அது 2 ஜிபி, 2 ஜிபியாக ஜிப் துண்டுகளாக இறங்கும். போனில் அதைத் திறக்கத் தெரியாமல் "நீங்க அனுப்புனதுல படமே இல்ல" என்று உங்களுக்குப் போன் வரும். அதனால் நிச்சயதார்த்தம், பெண் அழைப்பு, முகூர்த்தம், வரவேற்பு என்று பிரித்து, ஒவ்வொன்றும் ஒன்றரை ஜிபிக்குள் வையுங்கள்.

படம் தேர்வு செய்யும்போது நம்பரை எழுதி அனுப்பச் சொன்னால் யாரும் எழுத மாட்டார்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்து வாட்ஸ்அப்பில் 140 படம் அனுப்புவார்கள். அதில் கோப்பின் பெயர் இருக்காது. நீங்கள் 2,400 படத்தில் அதே சிரிப்பைத் தேட வேண்டும். நான் இர்ஃபான்வியூவில் மொத்தமாகச் சைஸ் குறைக்கும்போதே ஒவ்வொரு படத்தின் கீழ் மூலையிலும் கோப்பின் எண் சின்னதாக விழுகிற மாதிரி வைத்துவிடுவேன். இப்போது ஸ்கிரீன்ஷாட் வந்தாலும் எண் தெரியும். இந்த ஒரு வேலையால் எனக்கு ஒரு ஆல்பத்துக்கு அரை நாள் மிச்சம்.

பெண்பிள்ளைகள் படம் பற்றிக் கேட்டீர்கள். "லிங்க் உள்ள எவரும் பார்க்கலாம்" என்று வைத்தால் அந்த லிங்க் எந்த குரூப்புக்குப் போனாலும் திறக்கும். கல்யாண வீட்டில் எத்தனை குரூப் இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். மெயில் ஐடி வாங்கி அவர்களுக்கு மட்டும் திறப்பதுதான் பத்திரம். ஆனால் பாதி வீட்டில் ஜிமெயில் எதுவென்று அவர்களுக்கே தெரியாது. நான் செய்வது: லிங்க்கைத் திறந்து வைப்பேன், செலக்‌ஷன் முடிந்த அன்றைக்கே மூடிவிடுவேன். மூட மறக்காமல் இருக்க வீட்டுக் காலண்டரில் எழுதி வைப்பேன், பால் கணக்குக்குப் பக்கத்தில். மணப்பெண் அறையில் எடுத்த படங்களை அந்த ஃபோல்டரில் போடவே மாட்டேன். பெண்ணுக்கு மட்டும் தனியாகப் போகும்.

இன்னொன்று. சிலர் கைக்குழந்தையை உடுப்பில்லாமல் படம் எடுக்கக் கேட்பார்கள். அதைக் கிளவுடில் ஏற்றாதீர்கள். கம்ப்யூட்டரே பார்த்துத் தப்பாக எண்ணிக்கொள்ளும். அமெரிக்காவில் ஓர் அப்பா, டாக்டருக்கு அனுப்ப மகனைப் படம் எடுத்தார். அது போனில் இருந்து தானாக மேலே போய்க் கூகுள் கணக்கே முடங்கியது. 2022இல் நியூயார்க் டைம்ஸில் வந்த செய்தி இது. உங்கள் எல்லாக் கல்யாணமும் அந்த ஒரு கணக்கில்தானே இருக்கப்போகிறது.

குட்டிலென்ஸ்:

வைகை அக்கா, அந்த இர்ஃபான்வியூ விஷயம் தங்கம். நாகு அண்ணா, நேற்று உட்கார்ந்து டெலிகிராமில் தேடினேன். 2023 தை மாதத்துக் கல்யாணம் ஒன்றை எடுக்க முக்கால் மணி நேரம் ஆனது. அதிலும் பாதிப் படம் சுருங்கித்தான் இருக்கிறது, டாக்குமென்ட்டாக அனுப்பாமல் போட்டோவாக அனுப்பியிருக்கிறேன். ஒன்றும் கேட்காதீர்கள்.

பழையரோல் (நாகர்கோவில்):

எல்லாரும் கிளவுட் கிளவுட் என்கிறீர்கள், ஒன்றை மறந்துவிட வேண்டாம். அதுவும் யாரோ ஒருவருடைய கட்டடத்தில் இருக்கும் டிஸ்க்தான். 2025 செப்டம்பர் 26ஆம் தேதி தென்கொரியாவில் தேஜான் நகரத்து அரசு டேட்டா சென்டரில் பேட்டரி தீப்பிடித்தது. அரசு ஊழியர்கள் ஃபைல் வைக்கிற ஜி-டிரைவ் என்ற கிளவுடில் 858 டிபி போனது போனதுதான். அளவு பெரிது என்று வெளியே காப்பி வைக்கவில்லை. கொரியாக்காரனுக்கே அந்த கதி. 2015 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் என் நண்பர் ஒருவரின் தரைத்தள ஸ்டூடியோவில் தண்ணீர் புகுந்து அசலும் காப்பியும் ஒரே பீரோவில் நனைந்தன. தண்ணீருக்கும் தீக்கும் ஒரு காப்பி ஒரு பொருட்டே இல்லை. வேறு ஊரில் ஒரு டிஸ்க் வையுங்கள். நான் தங்கச்சி வீட்டில் வைத்திருக்கிறேன், திங்கள்சந்தையில். மாதம் ஒரு தடவை பலகாரத்தோடு போய் மாற்றிக்கொண்டு வருவேன்.

சாரல்ஸ்டூடியோ:

இரண்டு மாதம் கழித்து வருகிறேன், மன்னிக்கவும். கேட்டுவிட்டு ஓடிப்போனவன் என்று நினைக்க வேண்டாம். ஆடி வரட்டும் என்று காத்திருந்தேன். ஆடியில் முகூர்த்தம் கிடையாது, லைனும் சும்மா கிடக்கும், பையன்களும் குற்றாலத்தில் சாரல் பார்த்துக்கொண்டு கிடப்பார்கள்.

முதலில் டிஸ்க் செய்தி. 38 கல்யாணத்தில் 31 கிடைத்தது. 24,000 ரூபாய் கொடுத்தேன். பாக்கி ஏழு வீட்டுக்காரர்களில் நான்கு பேரிடம் பென்டிரைவ் இருந்தது, வாங்கிக் காப்பி எடுத்துக்கொண்டேன். இரண்டு பேர் போனையே எடுக்கவில்லை. ஒருவர், "அந்தக் கல்யாணமே வேண்டாம்னு ஆகிப்போச்சு, படத்த வச்சு என்ன செய்ய" என்றார். அதற்கு என்ன பதில் சொல்வது.

வைகை அம்மா சொன்னபடி தரம் பிரித்தேன். அது ஒரு மாத வேலை. 11 டிபி கடைசியில் 3.4 டிபி ஆனது. பந்தியில் சாம்பார் எங்களிடமும் இருந்தது, 4கேயில், மூன்று கல்யாணத்தில். வெட்கத்தோடு அழித்தேன். ஸ்டூடியோ பெயரில் புதுக் கணக்குத் தொடங்கி 2 டிபி வருடக் கட்டணமாகக் கட்டிவிட்டேன். கடைசி இரண்டு வருடத்து முடித்த வேலை மட்டும் அதில். அதையும் சிங்க் ஆகிற ஃபோல்டரில் வைக்காமல், பிரவுசர் வழியாகத் தனியாக ஏற்றுகிறேன். கம்ப்யூட்டரில் என்ன அழித்தாலும் மேலே கை படாது. மொத்த 3.4 டிபியும் இரண்டு புது டிஸ்க்கில். ஒன்று ஸ்டூடியோவில், ஒன்று செங்கோட்டையில் மச்சான் வீட்டில். மச்சான், "இதுக்கு வாடகை உண்டா?" என்றான். ஒரு கிலோ அல்வா.

நாகு தம்பி, ஏற்றினதைத் திருப்பி இறக்கிப் பார்க்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை, ஆனால் ரெக்கவரி கடைக்காரர் சொன்னார். அதனால் கடையநல்லூர்க் கல்யாணத்தையே வேறு கம்ப்யூட்டரில் இறக்கி எண்ணினேன். கீழே 812 படம், மேலே 783. இருபத்தொன்பது காணோம். நடுராத்திரி கரண்ட் போய், மோடம் திரும்பி வந்து, பிரவுசர் பாதியில் விட்டதைத் தொடராமல் சும்மா இருந்திருக்கிறது. திரையில் எல்லாம் முடிந்த மாதிரிதான் தெரிந்தது. இப்போது ஒவ்வொரு கல்யாணத்துக்கும் ஒரு நோட்டில் இரண்டு எண் எழுதுகிறேன், கீழே எத்தனை, மேலே எத்தனை. மோடத்துக்கும் ஒரு சின்ன யுபிஎஸ் வாங்கி மாட்டியாயிற்று.

நைட்ஷிப்ட்நாகு:

அது என் தப்புத்தான் அண்ணாச்சி, முதலில் சொல்லியிருக்க வேண்டியது அது. பிரவுசரை விட்டுவிடுங்கள். ஆர்குளோன் (rclone) என்று ஒரு இலவசக் கருவி இருக்கிறது, நின்றாலும் மறுபடி ஓட்டினால் விடுபட்டதை மட்டும் ஏற்றும், கீழேயும் மேலேயும் ஒப்பிட்டுக் காட்டும். கருப்புத் திரையில் கட்டளை அடிக்க வேண்டும், பயப்படாதீர்கள். மூன்றே வரிதான், தனிச்செய்தியில் அனுப்புகிறேன். அதில் "சிங்க்" என்ற கட்டளையைத் தொடாதீர்கள், "காப்பி" மட்டும்.

சாரல்ஸ்டூடியோ:

வந்தது, ஓட்டிவிட்டேன். பையன் கருப்புத் திரையைப் பார்த்து, அண்ணாச்சி பேங்க்கை ஹேக் பண்ணுகிறார் என்று பக்கத்து டீக்கடையில் சொல்லிவிட்டான். கடையம் கல்யாணம் இப்போது 61 சதவீதம். மழை வலுத்திருக்கிறது, லைன் தாங்கினால் காலைக்குள் முடியும்.